கேள்வியும் பதிலும்: அமெரிக்கத் தபாலின் பெரிய நாற்காலி

போன இதழில் பட்டம் விட்டு மின்னலைப் பிடித்த கதையைப் பற்றிக் கேட்ட ஒருவருக்குப் பதில் சொல்லும்போது, பெஞ்சமின் பிராங்க்ளின்தான் அமெரிக்காவின் முதல் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலும்கூட என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. சரி, இந்த முறை முழுக்க அதையே பேசிவிடுவோம்.

கேள்வி: ஜெனரல் என்றால் ராணுவப் பதவியா? நம் நாட்டிலும் அதே பெயரில் அதிகாரிகள் இருக்கிறார்களே?

ராணுவத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அட்டர்னி ஜெனரல் என்கிறோமே, அந்த ஜெனரல்தான் இது. ஒட்டுமொத்தத்துக்கும் தலைமை என்று பொருள். பிரிட்டனிலிருந்து போன பெயர். ஊருக்கு ஒரு போஸ்ட்மாஸ்டர், அவர்கள் எல்லாருக்கும் மேலே ஒரு போஸ்ட்மாஸ்டர் ஜெனரல். இந்தியாவில் இந்தப் பெயரில் ஒரே நேரத்தில் பலர் இருப்பார்கள், ஏனென்றால் இங்கே அது ஒரு மண்டலத்துக்கான பதவி. அமெரிக்காவில் மொத்த நாட்டுக்கும் ஒரே ஆள். 1775இல் தொடங்கி இன்று வரை 76 பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கேள்வி: விஞ்ஞானியும் அச்சகக்காரருமான பிராங்க்ளினை எதற்குத் தபாலுக்குத் தலைவராக்கினார்கள்?

அந்த வேலை தெரிந்தவர் அவர்தான், அதனால். 1737இலேயே பிலடெல்பியாவின் போஸ்ட்மாஸ்டர். அப்போது பத்திரிகை நடத்துகிறவனுக்குத் தபால் பதவி கிடைத்தால் அது லாட்டரி விழுந்த மாதிரி, செய்தி முதலில் அவன் கைக்குத்தான் வரும், பத்திரிகையும் அவன் ஆட்கள் மூலமாகவே ஊர் ஊராகப் போகும். பிராங்க்ளின் இதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார். 1753இல் பிரிட்டிஷ் அரசு அவரையும் வில்லியம் ஹன்டர் என்பவரையும் சேர்த்து வட அமெரிக்கக் காலனிகளின் தபாலுக்குப் பொறுப்பாளர்களாகப் போட்டது. பிராங்க்ளின் தானே ஊர் ஊராகப் போய்த் தபால் நிலையங்களைப் பார்வையிட்டு, கணக்கு வழக்கைச் சரிசெய்து, பிலடெல்பியாவுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ராத்திரியிலும் தபால் வண்டி ஓடும்படி ஏற்பாடு செய்தார்.

அப்புறம் வந்தது வேடிக்கை. மாசசூசெட்ஸ் கவர்னராக இருந்த தாமஸ் ஹட்சின்சன் எழுதிய அந்தரங்கக் கடிதங்கள் சில லண்டனில் இருந்த பிராங்க்ளின் கைக்கு வந்தன, அவர் அவற்றை பாஸ்டனுக்கு அனுப்பினார், அங்கே அவை அச்சேறிவிட்டன. பெரிய ரகளை. 1774 ஜனவரியில் வேலையிலிருந்து தூக்கினார்கள். அந்தக் கடிதங்கள் தபால் பையிலிருந்து எடுத்தவை அல்ல, யாரோ அவரிடம் கொடுத்தவை. இருந்தாலும் தபாலுக்குத் தலைவராக இருக்கிற மனிதர் அடுத்தவர் கடிதம் வெளியானதற்காக வேலை இழந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

அடுத்த ஆண்டே, 1775 ஜூலை 26 அன்று, காலனிகளின் பிரதிநிதிகள் சபையான காங்கிரஸ் கூடித் தனக்கென்று ஒரு தபால் அமைப்பை உருவாக்கி அவரையே தலைவராக்கியது. சம்பளம் ஆண்டுக்கு 1,000 டாலர். கவனியுங்கள், சுதந்திரப் பிரகடனத்துக்கு இன்னும் ஓர் ஆண்டு இருக்கிறது. நாடு பிறப்பதற்கு முன்னாலேயே தபால் பிறந்துவிட்டது. போர் நடக்கிற நேரத்தில் எதிரியின் ஆட்கள் வழியாகக் கடிதம் அனுப்ப முடியுமா? அதுதான் அவசரம். 1776 நவம்பரில் பிராங்க்ளின் பதவியை விட்டுவிட்டு பிரான்சுக்குத் தூது கிளம்பினார். அடுத்து வந்தவர் ரிச்சர்ட் பேஷ். யார் அவர் என்கிறீர்களா? பிராங்க்ளினின் மாப்பிள்ளை. ஆக, வேண்டியவருக்கு வேலை கொடுக்கும் வழக்கமும் முதல் ஆளோடேயே தொடங்கிவிட்டது.

கேள்வி: மந்திரி சபையில் இடம் பெறும் அளவுக்குத் தபாலில் என்ன இருக்கிறது?

வேலை இருக்கிறது. வேலை என்றால் உத்தியோகம். 1830களின் தொடக்கத்தில் அமெரிக்க மத்திய அரசின் சிவில் ஊழியர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் போஸ்ட்மாஸ்டர்கள். குக்கிராமத்தில் அரசாங்கம் என்று ஒன்று கண்ணில் பட்டால் அது தபால் நிலையமாகத்தான் இருக்கும். அந்த வேலைகள் எல்லாம் யார் கையில்? போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் கையில். ஆண்ட்ரூ ஜாக்சன் 1829இல் ஜனாதிபதியானதும் இதைச் சரியாகக் கணக்குப் போட்டார். அதற்கு முன் அந்தப் பதவியில் இருந்த ஜான் மெக்லீன் திறமைசாலி, கட்சி பார்த்து ஆட்களை நீக்க மனம் இல்லாதவர். அவரை மேலே தூக்கி உச்ச நீதிமன்ற நீதிபதியாக உட்கார வைத்துவிட்டு, வில்லியம் பேரி என்பவரைக் கொண்டுவந்து, அவருக்கு மந்திரி சபையில் இடமும் கொடுத்தார். அன்றிலிருந்து 142 ஆண்டுகள் தபால் தலைவர் மந்திரி. (துறைக்குச் சட்டப்படி அமைச்சகம் என்ற அந்தஸ்து வந்தது 1872இல்தான், ஆனால் நடைமுறையில் 1829.) ஜனாதிபதிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அடுத்து யார் என்கிற வரிசையில்கூட 1971 வரை தபால் தலைவரின் பெயர் இருந்தது.

ஆட்சி மாறினால் ஊர் ஊராகப் போஸ்ட்மாஸ்டர்களை மாற்றுவார்கள், ஆயிரக்கணக்கில் அல்ல, பல்லாயிரக்கணக்கில். 1880களில் தபால் துறையின் துணைத் தலைவர் பொறுப்பில் இருந்த அட்லாய் ஸ்டீவன்சன் இந்த வேலையை அப்படி ஒரு வேகத்தில் செய்தார், அப்புறம் துணை ஜனாதிபதியாகவே ஆகிவிட்டார். இந்த அரசியல் நியமன முறையில் நல்லவர்களும் உள்ளே வந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1833இல் இல்லினாய்ஸ் மாநிலத்தின் நியூ சேலம் என்ற சின்ன ஊரில் போஸ்ட்மாஸ்டர் ஆன இளைஞர் ஒருவர், கடிதங்களைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு கொடுக்கப் போவாராம். ஆபிரகாம் லிங்கன்.

20ஆம் நூற்றாண்டில் கட்சித் தலைவரையே தபால் தலைவராக்குவது கிட்டத்தட்ட எழுதப்படாத சட்டம். வில் ஹேய்ஸ், ஜேம்ஸ் பார்லி, ஆர்தர் சம்மர்ஃபீல்ட் எல்லாரும் கட்சியின் தேசியக் குழுத் தலைவர்கள். தேர்தலில் ஜெயித்துக் கொடுத்தவருக்குப் பரிசு தபால் துறை. இதில் ஹேய்ஸ் ஓர் ஆண்டு இருந்துவிட்டு, 1922இல் சினிமாத் தயாரிப்பாளர்கள் சங்கத்துக்குத் தலைவராகப் போய், ஹாலிவுட் படத்தில் முத்தம் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பது வரை கட்டுப்பாடு பேசுகிற ஆளாகிவிட்டார்.

கேள்வி: பார்லி பெயரில் நியூயார்க்கில் பெரிய தபால் நிலையக் கட்டடம் இருக்கிறதே, அவ்வளவு நல்ல தலைவரா?

பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் 1932, 1936 தேர்தல்களை நடத்தியவர், பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறவர், ஒருமுறை பார்த்த ஆளின் பெயரை மறக்காதவர். அரசியல்வாதிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தபால் தலைவராக அவர் சிக்கிக்கொண்டது வேறு கதை. ரூஸ்வெல்ட் தீவிரத் தபால்தலை சேகரிப்பாளர். புதுத் தபால்தலை அச்சாகி, ஓரத்தில் துளை போடாமல், பின்னால் பசை தடவாமல் இருக்கிற முழுத் தாள்களைப் பார்லி காசு கொடுத்து வாங்கி, ஜனாதிபதிக்கும் வேண்டியவர்களுக்கும் அன்பளிப்பாகக் கொடுத்தார். பணம் கட்டித்தானே வாங்கினேன் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் வேறு யாருக்கும் கிடைக்காத தாள் அது, சந்தையில் விலை எங்கேயோ போகும். விஷயம் வெளியே வந்ததும் சேகரிப்பாளர்கள் கொதித்துவிட்டார்கள். கடைசியில் 1935இல் அதே தாள்களை நிறைய அச்சடித்து, கேட்டவர்களுக்கெல்லாம் விற்றுத்தான் ஆளை விட்டார்கள். சேகரிப்பாளர்கள் அதை இன்றும் 'பார்லியின் பைத்தியக்காரத்தனம்' என்றுதான் சொல்கிறார்கள். 1940இல் ரூஸ்வெல்ட் மூன்றாவது முறை நிற்பதை எதிர்த்துப் பதவியை விட்டார், அது அவருக்குப் பெருமைதான்.

கேள்வி: பனியோ மழையோ தபால்காரரைத் தடுக்காது என்பதுதானே அமெரிக்கத் தபாலின் அதிகாரபூர்வ வாசகம்?

இல்லை. மேலே சொன்ன நியூயார்க் கட்டடத்தின் நெற்றியில் செதுக்கியிருப்பது அது, 1914இலிருந்து. ஆதி வரி கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸுடையது, அவர் சொன்னதும் பாரசீகக் குதிரைத் தூதர்களைப் பற்றி.

கேள்வி: குழந்தைகளைத் தபாலில் அனுப்பினார்கள் என்று ஒரு படத்தோடு வாட்ஸ்அப்பில் வருகிறது. கட்டுக்கதைதானே?

பாதி. தபால்காரர் தோள்பைக்குள் குழந்தை எட்டிப் பார்க்கிற அந்தப் படம் வேடிக்கைக்காக எடுத்தது. ஆனால் சம்பவம் நடந்திருக்கிறது. 1913 ஜனவரி 1 அன்று பார்சல் தபால் தொடங்கியது. அதுவரை பெரிய பார்சல்கள் எல்லாம் தனியார் எக்ஸ்பிரஸ் கம்பெனிகள் கையில், அவர்கள் வைத்ததுதான் விலை. ஜான் வானமேக்கர் என்று ஒரு பெரிய கடை முதலாளி 1889இல் தபால் தலைவராகி, பார்சல் தபால் வேண்டும், கிராமத்து வீட்டு வாசல் வரை தபால் போக வேண்டும், தபால் நிலையத்தில் சேமிப்புக் கணக்கு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றும் அவர் போன பிறகுதான் வந்தன. அதில் வீட்டு வாசல் தபால் முதலில் தொடங்கியது 1896இல், மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ் டவுன் பக்கத்தில், அது அப்போதைய தபால் தலைவர் வில்லியம் வில்சனின் சொந்த ஊர் என்பது தற்செயல் என்று நம்ப விரும்புகிறவர்கள் நம்பலாம்.

குழந்தைக்கு வருவோம். தொடக்கத்தில் பார்சல் எடை வரம்பு 11 பவுண்டு. அந்த ஜனவரியிலேயே ஒஹாயோவில் ஒரு தம்பதி பதினொன்றுக்குச் சற்றே குறைவான தங்கள் கைக்குழந்தையை 15 சென்ட் தபால்தலை ஒட்டி, 50 டாலருக்கு இன்ஷூர் செய்து, ஒரு மைல் தள்ளியிருந்த பாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். 1914இல் வரம்பு 50 பவுண்டு ஆனதும் ஐடஹோவில் ஒரு சிறுமியின் கோட்டில் 53 சென்ட் தபால்தலை ஒட்டி ரயிலில் அனுப்பினார்கள், ஏனென்றால் ரயில் டிக்கெட் அதைவிட விலை. யாரும் குழந்தையை மூட்டை கட்டிப் பெட்டியில் போடவில்லை, ஊருக்குத் தெரிந்த தபால்காரரோ ரயிலில் வேலை பார்க்கிற சொந்தக்காரரோ கையோடு கூட்டிப் போனார்கள். அப்போதைய தபால் தலைவர் ஆல்பர்ட் பர்லசன் மனிதர்களைத் தபாலில் அனுப்பக் கூடாது என்று உத்தரவு போட வேண்டி வந்தது.

அவர் தலைவலி அதோடு நிற்கவில்லை. 1916இல் யூட்டா மாநிலத்தில் வெர்னல் என்ற ஊரில் வங்கி கட்டினார்கள். சால்ட் லேக் சிட்டியிலிருந்து செங்கல் கொண்டுவர லாரிக் கூலியைவிடப் பார்சல் தபால் மலிவு என்று கண்டுபிடித்து, 50 பவுண்டு 50 பவுண்டாகக் கட்டி, கட்டடத்தையே தபாலில் வரவழைத்துவிட்டார்கள். அப்புறம்தான் ஒருவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 200 பவுண்டுக்கு மேல் அனுப்பக் கூடாது என்று விதி வந்தது.

கேள்வி: பர்லசனைப் பற்றிப் படித்தேன். வேடிக்கையான மனிதர் போலத் தெரிகிறதே?

அவர் அந்தக் கதைகளில் மட்டும்தான் வேடிக்கை. கறுப்பின ஊழியர்களையும் வெள்ளை ஊழியர்களையும் அலுவலகத்தில் பிரித்து வைத்தவர் அவர். முதல் உலகப் போர் வந்ததும் 1917 உளவுச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அரசை விமர்சித்த சோஷலிஸ்ட் பத்திரிகைகளைத் தபாலில் ஏற்றவிடாமல் செய்தார். அந்தக் காலத்தில் தபாலில் போகாவிட்டால் பத்திரிகை செத்தது என்று அர்த்தம். தணிக்கை அதிகாரி என்று பெயர்ப்பலகை இல்லாத தணிக்கை அதிகாரி.

நிறவெறி பர்லசன் தொடங்கி வைத்ததும் அல்ல. அதிக காலம், 1801 முதல் 1814 வரை, தபால் தலைவராக இருந்த கிடியன் கிரேஞ்சர் காலத்தில், 1802இல், சுதந்திரமான வெள்ளையரைத் தவிர வேறு யாரும் தபால் சுமக்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். ஹைட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்ததைப் பார்த்த பயம். தபால் சுமக்கிற அடிமை ஊர் ஊராகப் போவான், நாலு விஷயம் தெரிந்துகொள்வான், மற்றவர்களோடு பேசுவான், அது ஆபத்து என்பதுதான் கிரேஞ்சரின் வாதம். அந்தச் சட்டம் ரத்தானது 1865இல். பிற்பாடு இதே தபால் துறைதான் கறுப்பின நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போட்டது.

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கு மாநிலங்களுக்குத் தனித் தபால் இருந்ததா?

இருந்தது. டெக்சாஸ்காரர் ஜான் ரீகன்தான் தலைவர். வாஷிங்டன் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த தெற்கத்திய ஆட்களை அங்கிருந்த படிவங்கள், கணக்கு முறைகள் எல்லாவற்றோடும் வந்துவிடச் சொல்லி வரவழைத்து, சேவையைக் குறைத்து, கட்டணத்தை ஏற்றி, லாபமும் காட்டினார். நாடு தோற்றுப்போனது, அதன் தபால் மட்டும் லாபம் பார்த்தது! அதே காலத்தில் வடக்கே லிங்கனின் தபால் தலைவர் மான்ட்கோமரி பிளேர் 1863இல் நகரங்களில் வீட்டுக்கே கொண்டுபோய்க் கடிதம் கொடுப்பதையும், 1864இல் மணி ஆர்டரையும் தொடங்கினார். 1863இல் பாரிஸில் பல நாட்டுத் தபால்காரர்கள் கூடிப் பேசக் காரணமும் அவர்தான், அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகத்தான் 1874இல் பெர்ன் நகரில் உலகத் தபால் ஒன்றியம் உருவானது. என்னைக் கேட்டால் 76 பேரில் பிராங்க்ளினுக்கு அடுத்த இடம் இவருக்கு.

கேள்வி: ஏவுகணையில் தபால் அனுப்பியது உண்மையா?

உண்மை. 1959 ஜூன் 8. பார்பெரோ என்ற நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ரெகுலஸ் ஏவுகணையில் 3,000 கடிதங்கள் புளோரிடாவின் மேபோர்ட் கடற்படைத் தளத்துக்குப் பறந்தன. மனிதன் நிலவுக்குப் போவதற்கு முன்னால், நியூயார்க்கிலிருந்து இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஏவுகணையில் சில மணி நேரத்தில் கடிதம் போகும் என்று அப்போதைய தபால் தலைவர் சம்மர்ஃபீல்ட் அறிவித்தார். நிலவுக்குப் போய் வந்தாயிற்று. கடிதம் இன்னும் விமானத்தில்தான்.

கேள்வி: 142 ஆண்டு மந்திரியாக இருந்தவரை ஏன் வெளியே அனுப்பினார்கள்?

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் லாரன்ஸ் ஓ'பிரையன். கென்னடியின் தேர்தல் மூளை, 1965இல் தபால் தலைவர். 1966 அக்டோபரில் சிகாகோ தபால் நிலையம், அது அப்போது உலகத்திலேயே பெரியது, அப்படியே நின்றுபோனது. ஒரு கோடிக்கு மேல் கடிதங்களும் பார்சல்களும் தேங்கிக் கிடந்தன. அடுத்த ஆண்டு நாடாளுமன்றக் குழு முன்னால் அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள்: வேலைப்பளு உங்கள் கையிலா, கட்டணம் உங்கள் கையிலா, சம்பளம் உங்கள் கையிலா? எதுவுமே இல்லை என்றார். எல்லாவற்றையும் தீர்மானிப்பது காங்கிரஸ், அதாவது அவர்கள் நாடாளுமன்றம், திட்டு வாங்குவது மட்டும் தபால் தலைவர். பிறகு 1967இல் அவரே, இந்தத் துறையை மந்திரி சபையிலிருந்து எடுத்துத் தனி அரசு நிறுவனமாக்கிவிடுங்கள் என்று பேசினார். தன் நாற்காலியின் காலைத் தானே அறுத்துக் கொடுத்த மந்திரி வேறு யாராவது உண்டா? (இதே ஓ'பிரையனின் அலுவலகத்துக்குள்தான் 1972இல் திருடர்கள் புகுந்தார்கள். ஆமாம், ஜனாதிபதி நிக்சனின் பதவியைப் பறித்த அதே வாட்டர்கேட் விவகாரம். அப்போது அவர் ஜனநாயகக் கட்சியின் தலைவர்.)

ஆனால் பேச்சால் நடக்காததை வேலைநிறுத்தம் நடத்தியது. 1970இல் தபால்காரரின் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 6,176 டாலர், உச்சச் சம்பளத்தைத் தொட 21 ஆண்டு ஆகும். நியூயார்க்கில் சிலர் வேலையும் பார்த்துக்கொண்டு அரசு உதவித் தொகைக்கும் தகுதியானவர்களாக இருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்வது சட்டவிரோதம். இருந்தும் மார்ச் 18 அன்று நியூயார்க்கில் தொடங்கியது, சுமார் 2 லட்சம் பேர் வரை பரவியது. நிக்சன் நெருக்கடி நிலை அறிவித்து, கடிதம் பிரிக்க ராணுவ வீரர்களை அனுப்பினார். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவனுக்கெல்லாம் தெருப்பெயர் தெரியுமா? எட்டு நாளில் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். சம்பளம் ஏறியது, கூடவே ஊழியர் சங்கங்களுக்குப் பேரம் பேசும் உரிமையும் கிடைத்தது, ஆகஸ்ட் 12 அன்று புதுச் சட்டம் கையெழுத்தானது. 1971 ஜூலை 1 முதல் தபால் துறை போய் யுஎஸ்பிஎஸ் என்கிற தனி அரசு நிறுவனம் வந்தது. அப்போதைய தலைவர் அலபாமா கட்டட கான்ட்ராக்டர் வின்டன் பிளவுன்ட். மந்திரியாக இருந்த கடைசித் தபால் தலைவரும் அவரே, மந்திரி அல்லாத முதல் தபால் தலைவரும் அவரே.

கேள்வி: இப்போது அவரை நியமிப்பது யார்? ஜனாதிபதி நினைத்தால் நீக்க முடியாதா?

நேராக முடியாது. தபால் நிறுவனத்தை மேற்பார்வையிட ஜனாதிபதி 9 பேர் கொண்ட ஆளுநர் குழுவை நியமிக்கிறார், செனட் ஒப்புதல் கொடுக்க வேண்டும், ஒரே கட்சியிலிருந்து 5 பேருக்கு மேல் கூடாது, பதவிக்காலம் 7 ஆண்டு. இந்தக் குழுதான் தபால் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது, வேண்டாம் என்றால் நீக்குகிறது. அவருக்கென்று நிலையான பதவிக்காலம் கிடையாது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை 2020இல் எல்லாரும் பார்த்தார்கள். லாஜிஸ்டிக்ஸ் தொழிலதிபரும் குடியரசுக் கட்சிக்கு நிறைய நன்கொடை கொடுத்தவருமான லூயிஸ் டிஜாய் அந்த ஜூனில் 75ஆவது தலைவராக வந்தார். கொரோனா காலம், தேர்தல் ஆண்டு, கோடிக்கணக்கான ஓட்டு தபாலில் போகப் போகிறது. அந்த நேரம் பார்த்துக் கூடுதல் நேர வேலையைக் குறைப்பது, கடிதம் பிரிக்கும் இயந்திரங்களைக் கழற்றுவது என்று செய்திகள் வந்தன. நாடே கொந்தளித்தது, ஆகஸ்டில் மாற்றங்களைத் தேர்தல் முடியும் வரை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். பைடன் ஜெயித்த பிறகு அவர் கட்சிக்காரர்களே, டிஜாயை வீட்டுக்கு அனுப்பு என்று கத்தினார்கள். பைடனால் குழுவில் காலியான இடங்களுக்கு ஆள் போட முடிந்ததே தவிர, டிஜாயைத் தொட முடியவில்லை. அவர் 2025 மார்ச் வரை இருந்துவிட்டுத் தானாகத்தான் ராஜினாமா செய்தார்.

அரசியலை வெளியேற்றத்தான் 1970 சட்டம் என்று சொன்னார்கள். என் கணக்கில் அரசியல் எங்கேயும் போகவில்லை. முன்பு வாசல் வழியாக வந்தது, இப்போது ஆளுநர் குழு என்கிற திண்ணையில் சற்று உட்கார்ந்துவிட்டு உள்ளே வருகிறது. அந்தத் தாமதம்கூட நல்லதுதான் என்பது என் கருத்து.

கேள்வி: அப்படியானால் இன்றைய தலைவருக்கு அதிகாரம் அதிகமா, குறைவா?

எந்தப் பொருளுக்கு என்பதைப் பொறுத்தது. 6 லட்சத்துக்கு மேற்பட்ட ஊழியர்கள், 30,000க்கு மேற்பட்ட தபால் நிலையங்கள், 16 கோடிக்கு மேற்பட்ட முகவரிகள். இவ்வளவு பெரிய நிறுவனம் அவர் பொறுப்பில். ஆனால் தபால்தலை விலையைத் தன்னிஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, அதற்கு ஓர் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. பேட்ரிக் டோனஹோ 2013 பிப்ரவரியில் சனிக்கிழமை கடித விநியோகத்தை ஆகஸ்ட் முதல் நிறுத்துவதாக அறிவித்தார், காங்கிரஸ் விடவில்லை, ஏப்ரலில் ஆளுநர் குழு பின்வாங்கியது. ஓ'பிரையன் புலம்பியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

பணமும் இப்படித்தான். தினசரிச் செலவுக்கு வரிப்பணம் வாங்காமல் தபால்தலையும் பார்சலும் விற்று ஓட்ட வேண்டும். அதே நேரம் 2006 சட்டம், எதிர்காலத்தில் ஓய்வு பெறுபவர்களின் மருத்துவச் செலவுக்கு இப்போதே ஆண்டுக்குச் சுமார் 550 கோடி டாலர் எடுத்து வை என்று தலையில் கட்டியது. அதற்கப்புறம் ஆண்டுதோறும் நஷ்டம் நஷ்டம் என்று செய்தி. அந்த நிபந்தனையை 2022 சட்டம் எடுத்துவிட்டது. நஷ்டம் முழுக்க அதனால்தான் என்றும் சொல்லிவிட முடியாது. சாதாரணக் கடிதங்கள் 2001இல் 10,300 கோடிக்கு மேல் போயின, இப்போது அதில் பாதிகூட இல்லை. நீங்கள் கடைசியாக எப்போது கடிதம் எழுதினீர்கள்?

கேள்வி: பெண்கள் யாரும் வந்ததில்லையா?

ஒருவர். மேகன் பிரென்னன், 2015 முதல் 2020 வரை. 1986இல் பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் ஊரில் தபால்காரராகச் சேர்ந்தவர். அவருக்கு முன்னால் இருந்த டோனஹோவும் ஜான் பாட்டரும்கூட கிளார்க்காகச் சேர்ந்து மேலே வந்தவர்கள். மந்திரி பதவியாக இருந்த காலத்தில் கடிதப் பையைத் தோளில் போட்ட ஒருவர் அந்த நாற்காலிக்கு வருவதை நினைத்துப் பார்த்திருப்பார்களா? 1971 மாற்றத்தால் வந்த நன்மை என்று நான் சந்தேகமில்லாமல் சொல்வது இது ஒன்றைத்தான்.

கேள்வி: இப்போது இருப்பவர் யார்?

டேவிட் ஸ்டைனர், 76ஆவது. 2025 ஜூலையில் பொறுப்பேற்றார். குப்பை அள்ளும் பெரிய நிறுவனமான வேஸ்ட் மேனேஜ்மென்டை நடத்தியவர், ஃபெடெக்ஸின் இயக்குநர் குழுவில் இருந்தவர். போட்டிக் கம்பெனிக்காரரைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறீர்களே என்று தபால்காரர் சங்கம் எதிர்த்தது.

கேள்வி: அமெரிக்காவில் இன்னும் கழுதையில் தபால் போகும் ஊர் இருக்கிறதாமே?

கழுதை இல்லை, கோவேறு கழுதை. அரிசோனாவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள்ளே சூபாய் என்று ஹவசூபாய் பழங்குடி மக்களின் ஊர். கார் போகிற பாதை கிடையாது. மேட்டிலிருந்து சுமார் 8 மைல் மலைப்பாதையில் கோவேறு கழுதைகள் வரிசையாக இறங்கி, கடிதத்தோடு அரிசி பருப்பு மாதிரியான சாமான்களையும் சுமந்துபோகின்றன. அங்கே போடுகிற தபால் முத்திரையிலும் அந்த விவரம் இருக்கும். நியூயார்க்கில் அடுத்த தெருவுக்குப் போகிற கடிதத்துக்கும் இந்த ஊருக்குப் போகிற கடிதத்துக்கும் ஒரே விலைதான். 2025 ஜூலையில் அது 78 சென்ட் ஆனது.